பாழடைந்த கட்டடமும் கடலோரமும்: ஒரே நாளில் இரண்டையும் படமெடுக்க முழு வழிகாட்டி

கடலோரத்தில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பழைய கட்டடம், அதை ஒட்டிக் கடல். இரண்டையும் ஒரே நாளில் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: விடியற்காலையில் போய்ச் சேர்கிறார்கள், கட்டடத்தைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் உள்ளே நுழைகிறார்கள், மூன்று மணி நேரம் கழித்து வெளியே வருகிறார்கள். அப்போது கடல்மேல் வெயில் கொளுத்துகிறது. இறங்க நினைத்த பாறையெல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கிறது. உள்ளே எடுத்த படங்களிலோ ஜன்னல்கள் வெறும் வெள்ளைக் கட்டங்களாக இருக்கும்.

சிக்கல் முழுக்க வரிசையில்தான். கடலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. கட்டடம் மத்தியானம் வரை அப்படியேதான் நிற்கும். ஆகவே நாளைக் கடலை வைத்துத் திட்டமிட்டு, நடுவில் கிடைக்கும் நேரத்தைக் கட்டடத்துக்குக் கொடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. முதல் நாளே முடிக்க வேண்டியவை

அனுமதி முதலில். கைவிடப்பட்ட கட்டடம் என்றால் உரிமையாளர் இல்லாத கட்டடம் என்று பொருள் இல்லை. உரிமையாளரையோ பொறுப்பில் இருப்பவரையோ கண்டுபிடித்து, எழுத்தில் ஒரு வரி வாங்கி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப் பிரச்சினை ஒரு பக்கம். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் எடுக்கும் படங்கள் எல்லாமே அவசரப் படங்களாகத்தான் வரும். முக்காலியை (டிரைபாட்) விரித்து நிதானமாக நிற்க மனம் வராது.

அடுத்தது ஏற்றவற்ற அட்டவணை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற கணக்கு. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் பின்னால் போகும். இன்று காலை 6 மணிக்குக் கடல் வற்றியிருந்தது என்றால், நாளை மறுநாள் ஏழரை மணிக்கு மேல்தான் வற்றும். போன வாரம் பார்த்த நேரத்தை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சில கரைகளில் ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம்தான், சில இடங்களில் வித்தியாசமே தெரியாது. ஆகவே அந்த இடத்துக்கான அட்டவணையையே பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள இடைவெளி அதிகம். பாறைகள் நிறைய வெளியே தெரியும், ஆனால் தண்ணீர் திரும்பும்போது வேகமாகவும் திரும்பும்.

பாறைகளுக்கிடையே நின்று எடுக்க நல்ல நேரம், வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து முழுதாக வற்றும் வரை. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கணக்கில் கொஞ்சம் தவறினாலும் பெரிய ஆபத்து இல்லை. ஏறும்போது அந்தச் சலுகை கிடையாது. ஏறத் தொடங்கி முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் பாதி ஏறிவிடும். 'இப்போதுதானே ஏறத் தொடங்கியது' என்று நிற்கிறவர் திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி இருக்காது.

மூன்றாவது, சூரியன் எந்தத் திசையில் எழும், எந்தச் சுவரில் விழும் என்பது. இதற்கு ஆப் இருக்கிறது. இல்லையென்றால் திசைகாட்டியும் வரைபடமும் போதும். வற்றமும் விடியலும் ஒன்றாக அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமையாவிட்டால் தேதியை மாற்றுங்கள், இடத்தோடு சண்டை போடாதீர்கள்.

2. பை

கேமரா, அகலக் கோண லென்ஸ் ஒன்று, நடுத்தர டெலி லென்ஸ் ஒன்று, கனமான முக்காலி, ரிமோட் (அல்லது கேமராவின் 2 நொடி டைமர்), போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்), 6 ஸ்டாப் அல்லது 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). இவை எல்லோரும் கொண்டுவருவது. மறப்பவை வேறு: ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், நாலைந்து மைக்ரோஃபைபர் துணி, நெற்றி விளக்கு, கூடுதலாக ஒரு கை டார்ச், என்95 முகக்கவசம், ஆணி ஏறாத தடித்த அடியுள்ள ஷூ.

கடலுக்கு ஒரு துணி, கட்டடத்துக்கு வேறு துணி என்று தனித்தனிப் பைகளில் வையுங்கள். உப்பும் சிமென்ட் தூசியும் ஒரே துணியில் சேர்ந்தால் அது துணி இல்லை, உப்புத்தாள்.

கூட ஒருவர் வர வேண்டும். வராத இன்னொருவருக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் விதிவிலக்கு கிடையாது.

3. கேமராவை எடுக்காமல் இருபது நிமிடம்

சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். போனதும் பாறையில் இறங்காதீர்கள். உயரமான, காய்ந்த இடத்தில் நின்று 15 முதல் 20 நிமிடம் அலையை மட்டும் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை, கூட்டம் கூட்டமாக வரும். பத்து நிமிடம் சாதுவாக இருந்த இடத்தில் திடீரென்று மூன்று பெரிய அலை வரும். அந்த மூன்றைப் பார்த்த பிறகுதான் எந்தப் பாறை பாதுகாப்பானது என்று முடிவு செய்ய முடியும்.

பாறையின் நிறமும் சொல்லும். ஈரமாகக் கருத்திருக்கும் வரை அலை வந்து போயிருக்கிறது. பச்சைப் பாசி படிந்த இடத்தில் எந்த ஷூவும் நிற்காது. முக்காலியைக் காய்ந்த பகுதியில் வைத்து எடுக்க முடியாத கோணம் என்றால் அந்தக் கோணத்தை விட்டுவிடுங்கள்.

4. கடல்: முதல் ஒன்றரை மணி நேரம்

முக்காலியை விரிக்கும்போது கடைசி, மெல்லிய கால் பகுதியை முதலில் முழுதாக நீட்டுங்கள். வழக்கத்துக்கு நேர் எதிர்தான். அப்படிச் செய்தால் பூட்டும் மூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே இருக்கும். மூட்டுக்குள் மணல் போய்விட்டால் ஒவ்வொரு முறை திருகும்போதும் கறகறவென்று அரைக்கும். மணலில் வைத்தால், கால்களை அழுத்திப் புதைத்து, ஓர் அலை வந்து போக விட்டு, அப்புறம் காட்சியைச் சரிசெய்யுங்கள். ஒவ்வோர் அலையும் காலடி மணலை அரித்துப் போகும். 30 நொடி எக்ஸ்போஷரின் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) நடுவில் முக்காலி இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலும் படம் போச்சு. என் முதல் சில மாதப் படங்கள் ஏன் தெளிவாக இல்லை என்று லென்ஸைச் சந்தேகித்து அலைந்தேன், காரணம் மணல்.

அமைப்புகளை இந்த வரிசையில் செய்யுங்கள். ரா ஃபார்மட் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100. அபெர்ச்சர் (லென்ஸின் துளை; எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப்/8 முதல் எஃப்/11. எஃப்/22 வரை மூடினால் எல்லாம் தெளிவாக வரும் என்று நினைப்பது புதியவர்களின் பழைய தவறு. அவ்வளவு சிறிய துளையில் ஒளி விலகிப் பரவுவதால் முழுப் படமுமே மென்மையாகிவிடும். ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 16 மிமீ லென்ஸ், எஃப்/11 என்றால், சுமார் 80 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் வைத்தாலே 40 செ.மீ.யிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். நான் கொஞ்சம் தள்ளி, ஒரு மீட்டரில் வைப்பேன். தொலைவில் உள்ள கட்டடம் மங்கினால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஃபோகஸ் வைத்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். என்டி ஃபில்டரை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். 10 ஸ்டாப் ஃபில்டருக்குப் பின்னால் கேமராவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஃபோகஸ் தேடி அலையும். ஃபில்டர் இல்லாமல் 1/30 நொடி காட்டினால், 10 ஸ்டாப் போட்டபின் சுமார் 34 நொடி. 6 ஸ்டாப் என்றால் 2 நொடி. பல கேமராக்கள் 30 நொடிக்கு மேல் தாமாக எண்ணாது, பல்ப் முறையில் (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருப்பது) நீங்களே எண்ண வேண்டும். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை மூடிவிடுங்கள், பின்னாலிருந்து ஒளி கசிந்து படத்தில் ஊதாக் கறை விழும். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) அணைத்துவிடுவது நல்லது. இல்லாத அதிர்வைத் தேடி அது தானே அதிரும்.

இப்போது முக்கியமான கேள்வி: எத்தனை நொடி? எல்லாக் கடலையும் 30 நொடியில் பால் மாதிரி ஆக்கிவிடுவது ஒரு வியாதி. பாறையில் மோதிச் சிதறும் துளிகள் வேண்டும் என்றால் 1/500 அல்லது அதைவிட வேகம். அலை பின்வாங்கும்போது மணலில் இழுத்துக்கொண்டு போகும் வெள்ளைக் கோடுகள் வேண்டும் என்றால் அரை நொடி முதல் ஒரு நொடி. ஷட்டரை அலை வரும்போது அழுத்தாதீர்கள், திரும்பத் தொடங்கும் கணத்தில் அழுத்துங்கள். கோடுகள் அப்போதுதான் கேமராவிலிருந்து கடலை நோக்கிப் போகும், பார்ப்பவர் கண்ணும் கூடவே போகும். 30 நொடிக்கு மேல் வைப்பது, தண்ணீரை அடக்கிவிட்டு அசையாத ஒன்றை, உதாரணமாக அந்தக் கட்டடத்தை, தனியாக நிறுத்திக் காட்ட மட்டும்.

ஈரப் பாறையின் பளபளப்பு நிறத்தை மறைத்தால் போலரைசரைத் திருப்புங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி குறையும். ஆனால் அகலக் கோண லென்ஸில் வானம் நிறைய வருகிற காட்சியில் போட வேண்டாம். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானம் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகிவிடும், பிறகு கணினியில் சரிசெய்வது பெரும் பாடு.

ஒவ்வொரு நாலைந்து படத்துக்கும் லென்ஸின் முன்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புத் துளி இருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், லென்ஸின் மேற்பூச்சு கீறிவிடலாம். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணி. லென்ஸை அங்கே கழற்றி மாற்றவே வேண்டாம்.

கடலுக்கு முதுகைக் காட்டி நின்று திரையைப் பார்க்காதீர்கள். ஒருவர் பார்த்தால் மற்றவர் கடலைப் பார்க்க வேண்டும். வற்றி முடிந்த நேரத்துக்கு ஃபோனில் அலாரம் வைத்து, அது அடித்ததும் ஏறிவிடுங்கள்.

5. கட்டடத்துக்குள் நுழையும் முன்

முதலில் வெளியே ஒரு முழுச் சுற்று. எத்தனை வாசல், எங்கே சுவர் விரிசல், கூரை எங்கே தொய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கடலோரக் கட்டடம் உள்நாட்டுக் கட்டடத்தைவிட ஏமாற்றும். உப்புக் காற்றில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து பெயரும். மேலே பார்த்தால் சுண்ணாம்பு அடித்த நல்ல கூரை மாதிரிதான் இருக்கும். ஆகவே துருக்கறை வழிந்திருக்கும் உத்தரம், கம்பி வெளியே தெரியும் பால்கனி, படிக்கட்டின் நடுப்பகுதி மூன்றையும் தவிருங்கள். பால்கனிக்கு மேலே ஏறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே முக்காலி வைத்து அரை மணி நேரம் நிற்கிறவர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

மரத் தளம் என்றால் சுவரை ஒட்டி, ஆணி வரிசை தெரியும் இடத்தில் நடங்கள். ஆணி இருக்கும் இடத்தில் கீழே உத்தரம் இருக்கும். தரையில் கிடக்கும் பலகை, தகடு, பாய் எதையும் மிதிக்காதீர்கள், கீழே தொட்டியோ கிணறோ இருக்கலாம். வியூஃபைண்டரைப் பார்த்தபடியே பின்னால் நகரவே கூடாது. நில், பார், பிறகு நகர்.

பழைய சிமென்ட் கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைந்து தூளாகக் கிடக்கிறது என்றால் அந்த அறை வேண்டாம், சாதாரண முகக்கவசத்தை நம்பி உள்ளே போகாதீர்கள். வௌவால், புறா எச்சம் குவிந்த அறையும் அப்படியே. காய்ந்த எச்சத்தைக் கிளறினால் பூஞ்சை நுரையீரலுக்குள் போகும்.

6. உள்ளே: ஒளியைக் கணக்கிடுவது

காலை பத்து மணிக்கு மேல் உள்ளே போவதுதான் எனக்குப் பிடிக்கும். கடலில் அந்த வெயில் வீண், ஆனால் கட்டடத்துக்குள் அது தரையிலும் சுவரிலும் மோதித் திரும்பி மூலை வரை போகிறது. மேகமூட்டம் என்றால் இன்னும் நல்லது.

முழு வெயிலில் வெளியே ஐஎஸ்ஓ 100, எஃப்/8-இல் 1/400 நொடி வேண்டியிருக்கும். அதே அமைப்பில் அறை மூலைக்கு 2 நொடி தேவைப்படலாம். வித்தியாசம் கிட்டத்தட்ட 10 ஸ்டாப். ஒரே படத்தில் ஜன்னலையும் மூலையையும் பிடிக்கப் பார்த்தால் ஒன்று வெந்துபோகும், அல்லது நிழலை இழுத்து ஏற்றும்போது புள்ளி புள்ளியாக வரும்.

அதனால் பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படம் எடுத்துப் பிறகு ஒன்றாக இணைப்பது. முழு மேனுவலில், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) நான்கையும் பூட்டிவிட்டு ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சி சரியாக வரும் வேகத்தில் தொடங்கி இரண்டிரண்டு ஸ்டாப்பாக இறங்குங்கள்: 1/400, 1/100, 1/25, 1/6, 0.6, 2.5 நொடி. அபெர்ச்சரை மாற்றினால் தெளிவின் ஆழம் மாறும், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. எங்கே நிறுத்துவது என்பதை ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) சொல்லும். முதல் படத்தில் வலது ஓரம் முட்டக்கூடாது, கடைசிப் படத்தில் இடது ஓரம் முட்டக்கூடாது. திரையின் வெளிச்சத்தை நம்பாதீர்கள்; இருட்டறையில் எந்தப் படமும் பிரகாசமாகத்தான் தெரியும்.

ஜன்னலே இல்லாத அறையில் டார்ச்சால் ஒளி பூசலாம். 20 அல்லது 30 நொடி ஷட்டர் திறந்திருக்க, பக்கவாட்டில் நின்று, டார்ச்சை ஓயாமல் அசைத்தபடி சுவர்மேல் ஓட விடுங்கள். கேமராவை ஒட்டி நின்று அடித்தால் நிழலே விழாது, உரிந்த பெயின்ட் தட்டையான கறை மாதிரி இருக்கும். பக்கவாட்டிலிருந்து அடித்தால்தான் ஒவ்வொரு செதிலும் எழுந்து நிற்கும்.

7. உள்ளே: எதை எடுப்பது

கேமராவை மேலே சாய்த்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். ஏற்கெனவே இடிந்த கட்டடம் இன்னும் இடிவது போலத் தெரியும். கேமராவை மட்டமாக வைத்து, உயரம் போதாவிட்டால் பின்னால் போய் எடுத்து, கீழ்ப்பகுதியை வெட்டுங்கள். இடுப்பு உயரம் பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும். நேர்ப்பார்வையில் எடுக்கிறீர்கள் என்றால் முழுதாக நேராக இருக்க வேண்டும். ஒரு டிகிரி சாய்வு அலட்சியமாகத் தெரியும்.

ஒவ்வொரு அறைக்கும் மூன்று போதும்: முழு அறை, வாசல் வழியாக அடுத்த அறை, ஒரு நுணுக்கம். நுணுக்கத்துக்கு டெலி லென்ஸ். துருப்பிடித்த கீல், உப்பு பூத்த சுவர், ஜன்னல் கம்பியில் சுற்றிய கொடி. எதையும் நகர்த்தி அழகுபடுத்தாதீர்கள். நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டால், அது முன்பு இருந்த இடம் தூசியில் அச்சாகத் தெரியும், கவனிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

8. இரண்டும் ஒரே சட்டத்தில்

மாலைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து ஜன்னல் வழியே கடலை எடுப்பது பகலில் பத்து ஸ்டாப் தகராறு. சூரியன் மறையும் நேரத்தில் அந்த வித்தியாசம் தானாகவே சுருங்கி, சில நிமிடங்களுக்கு இரண்டு மூன்று படங்களிலேயே அடங்கிவிடும். தொடுவானம் ஜன்னலின் சரிபாதியில் வராமல் ஓரடி மேலோ கீழோ நகருங்கள். ஜன்னல் விளிம்பு, தூரக் கடல் இரண்டுமே தெளிவாக வராவிட்டால், ஃபோகஸை மாற்றி இரண்டு படம் எடுத்து இணைக்கலாம்.

பிறகு வெளியே வந்துவிடுங்கள். சூரியன் 4 முதல் 6 டிகிரி அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போது வானம் நீலமாக இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இது சில நிமிடங்களில் போய்விடும். வடக்கிலோ தெற்கிலோ போகப் போக நீளும். கூட வந்தவர், பகலிலேயே பார்த்து வைத்த உறுதியான தரைத்தள அறை ஒன்றில் மட்டும் நின்று, மஞ்சள் தாள் சுற்றிய டார்ச்சை உள்சுவரில் அடிக்கட்டும். நேராக ஜன்னலை நோக்கி அடித்தால் வெறும் ஒளிப்புள்ளிதான் வரும். இருட்டில் மாடி ஏறும் யோசனை யாருக்கு வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

இந்த நேரத்தில் கடல் எந்த நிலையில் இருக்கும் என்று காலையிலேயே கணக்குப் பார்த்திருக்க வேண்டும். காலை 6 மணிக்கு வற்றம் என்றால் மாலை ஆறரை மணி வாக்கில் மறுபடி வற்றம், கரையில் நிற்க இடம் இருக்கும். காலை 9 மணிக்கு வற்றம் என்றால் மாலையில் தண்ணீர் பாதி உயரத்தில், ஆனால் இறங்கிக்கொண்டிருக்கும்.

9. வீட்டுக்கு வந்ததும்

தூங்கும் முன் முக்காலியின் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி விரித்து வையுங்கள். ஓர் இரவில் உப்பு மூட்டைப் பிடித்துக்கொள்ளும். கேமராவை ஈரத் துணியால் ஒற்றி, பிறகு உலர்த்துங்கள். ஃபில்டர்களைக் குழாயில் கழுவலாம். ஏசி அறைக்கு வந்தால் பரவாயில்லை. மறுநாள் ஏசி அறையிலிருந்து ஈரக் காற்றுக்குக் கொண்டுபோகும்போதுதான் லென்ஸ் வியர்க்கும். மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுத் திறங்கள்.

பிராக்கெட் படங்களை இணைக்கும்போது ஜன்னல் அறையைவிடப் பிரகாசமாகவே இருக்கட்டும். மூலையும் ஜன்னலும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் கண் நம்பாது, வீடியோ கேம் காட்சி மாதிரி ஆகிவிடும். ஒயிட் பேலன்ஸை எல்லாப் படத்திலும் ஒன்றாக வைத்த பிறகே இணையுங்கள்.

வெளியிடும் முன் படத்தில் உள்ள ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுங்கள். இடம் தெரிந்தால் அடுத்த வாரமே யாராவது கதவை உடைப்பார்கள், அப்புறம் உங்களுக்குக் கிடைத்த அனுமதி வேறு யாருக்கும் கிடைக்காது. படக் கோப்புறையிலேயே ஒரு சின்னக் குறிப்பும் போட்டு வையுங்கள்: தேதி, அன்றைய வற்ற நேரம், எந்த அறையில் எத்தனை மணிக்கு வெயில் வந்தது. அடுத்த முறை போகும் நாளை அதை வைத்தே குறித்துவிடலாம்.